எந்த டிஸ்க்கில் எழுந்தாய்

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் பெண்கள் குழுவுக்கு ஒரு விதைக் கிடங்கு இருக்கிறது. நான் அதன் தலைவி. பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள், நடவுக்கும் களைக்கும் போனது பல வருடம். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். தலைவியாக இருக்க அது போதாது என்று சொன்னவர்கள் இன்றைக்கு எங்களிடம்தான் விதை வாங்குகிறார்கள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கிடங்கு ஆபீஸில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் உண்டு. சர்வர் என்பார்கள். சென்னையில் ஒரு கம்பெனி பழசென்று ஒதுக்கியதை எங்களுக்குத் தந்தது. உள்ளே ஓடுவது யூனிக்ஸ் என்று சொன்னார்கள். பெயர் நினைவிருக்கிறது, மற்றது எனக்கு எதற்கு? எங்கள் விதை மூட்டையின் மேல் ஒரு எண் மட்டும்தான் இருக்கும். அது யார் வயலில் விளைந்தது, எப்போது அறுத்தது, முளைப்பு எப்படி என்பதெல்லாம் அந்தச் சர்வருக்குள் இருக்கிறது. அந்த விவரம் இல்லாமல் மூட்டையில் கட்டும் சீட்டு அடிக்க முடியாது. சீட்டு இல்லாத நெல்லை விதையென்று சொல்லிக் கொடுக்க மாட்டோம். அது அரவைக்குத்தான் போகும்.

அதனால்தான் உள்ளே இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று போனாலும் ஒன்று காப்பாற்றும்.

ஆயுத பூஜை முடிந்து, இரண்டாம் போகமான தாளடிக்கு விதை கொடுக்க வேண்டிய நேரம். கரண்ட் போய் வந்தது. சர்வர் திரும்ப எழுந்ததும், ஜோடி பிரிந்துவிட்டது என்று திரையில் காட்டியது. ஒரு டிஸ்க் கோடையிலேயே எழுதுவதை நிறுத்தியிருக்கிறது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கோடைக்குப் பிறகு செய்த முளைப்புச் சோதனை முழுக்க மற்ற டிஸ்க்கில் மட்டும்தான்.

முத்துப்பேட்டையிலிருந்து சர்வர் பார்க்கிறவரை வரவழைத்தோம். நடுவயதுக்காரர், அலட்டிக்கொள்ளாத மனிதர். வரும்போதே தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை என்பதால் தொழுதுவிட்டு வர நேரமாகிவிட்டது என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், ஆயிற்று என்றார். அவர் சர்வர் முன்னால் உட்காரும்போதே எங்கள் ஆபீஸ் பெண், பூஜை போட்டது, அழித்துவிடாதீர்கள் என்று சொல்லிவைத்தாள். அவளுக்குப் பொட்டு வைப்பதில் தாராளக் கை. தராசு, மூட்டை தைக்கும் மெஷின், மின்விசிறி பட்டன் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தாள்.

அவர் எனக்கு விளங்கும்படி சொன்னார். நின்றுபோன டிஸ்க்கை இழுத்துவிட்டுப் புது டிஸ்க்கைச் செருக வேண்டும். மிச்சமிருக்கிற டிஸ்க்கில் உள்ளது அதில் நகலாகிவிடும். மெஷின் ஓடும்போதே செய்யலாம். ஆனால் தவறி நல்லதை இழுத்துவிட்டால், கோடையோடு நின்றதைத்தான் புதியது நகல் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நம் மூட்டையில் இருப்பது வெறும் எண்.

வெளியே எங்கள் உறுப்பினர்கள் காத்திருந்தார்கள். குத்தகைக்கு எடுத்த நிலத்தை உழுது போட்டுவிட்டு வந்த ஒருத்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன தலைவியம்மா, விதைய வெதைக்கவா, ஒலையில போடவா?"

"ஒலைய ஏத்து, வந்து சொல்றேன்" என்றேன். சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. குழுவில் பாதிப் பேருக்கு வேறு இடத்தில் விதை வாங்க வழியில்லை.

மேல் டிஸ்க்கில் பச்சை விளக்கு எரிந்தது. கீழ் டிஸ்க்கில் ஒன்றும் தெரியவில்லை. கீழேதான் போய்விட்டது என்று அவர் கைப்பிடியில் விரலை வைத்தார். வைத்தவர் எடுத்துவிட்டார். இழுப்பதற்கு முன் மெஷினையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், கரண்ட் வந்தபோது அது எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்தது என்று அதுவே சொல்லும் என்றார். செத்த டிஸ்க்கிலிருந்து எந்த மெஷினும் எழாது. ஏதோ தட்டினார். நீளமாக ஒரு வரி வந்தது, கடைசியில் ஒரு பூஜ்யம்.

"பூஜ்யம்னா மேலதா, கீழதா?"

"கீழதும்மா." திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "அதான் புரியல. வெளக்கே எரியாததுலேருந்து எந்திரிச்சிருக்கேங்குது."

எண் போட்டதில் மேல் கீழ் மாறியிருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். இன்னொரு வழி இருக்கிறது என்றார். எழுந்த டிஸ்க்கையே விடாமல் படிக்கச் சொன்னால், படிக்கிறதன் விளக்கு மினுக்கும். அப்படியே செய்தார். மேல் விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. கீழே இருட்டு. இரண்டுமே பதில் சொல்லவில்லை.

நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தேன். கிட்டத்தில் இருப்பது எனக்கு இன்னும் சுத்தமாகத் தெரியும். மேல் டிஸ்க்கில் பொட்டு ஓரமாக இருந்தது. கீழ் டிஸ்க்கில் விளக்கு இருக்க வேண்டிய இடத்திலேயே சந்தனம் காய்ந்து பொருக்காக நின்றது, அதன் மேல் குங்குமம்.

"தம்பி, வெளக்கு இதுக்கு அடியிலதானே இருக்கு?"

"ஆமாம்மா."

"தொடச்சிப் பாத்தா என்ன?"

அவர் மெல்லச் சொன்னார்: "நீங்க கும்புட்டு வெச்சது. நான் கையால அழிச்சா நல்லா இருக்காதும்மா. வெளக்கு இருந்தா அதுக்குள்ளேயும் வெளிச்சம் தெரியும்னு நெனச்சேன்."

அவ்வளவு தெரிந்த மனிதர் ஒரு பொட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். எங்கள் பெண் வேறு முன்கூட்டியே எச்சரித்துவிட்டாள். தன்னை மரியாதை தெரியாதவர் என்று நாங்கள் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, எங்கள் விதையையே விட்டுவிடப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"மெஷினுக்குப் பொட்டு வெச்சது அது நல்லா ஓடணும்னுதான் தம்பி. கண்ண மறைக்கறதுக்கு இல்ல."

முந்தானை நுனியை எச்சில்படுத்தாமல் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நானே துடைத்தேன். ஆபீஸ் பெண் வாயைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். பொருக்கு உதிர்ந்தது. உள்ளே பச்சை விளக்கு படபடவென்று மினுக்கிக்கொண்டிருந்தது. அத்தனை நேரமும் அப்படித்தான் மினுக்கியிருக்கும்.

"இதுலேருந்துதாம்மா எந்திரிச்சிருக்கு. மேல எரியறது கரண்ட் வருதுங்கறதுக்கு மட்டும்தான்" என்றார். மேல் டிஸ்க்கை இழுத்தார். மெஷின் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது.

புதியது நகல் எடுத்து முடிக்க மாலையாகிவிட்டது. அவர் அதுவரை போகவில்லை. அடுத்த தொழுகைக்கு நேரமானபோது கிடங்கின் கோடியில் சுத்தமான சாக்கு விரித்துக் கொடுத்தோம். அந்தப் பக்கம் யாரும் மூட்டை இழுக்க வேண்டாம் என்று சொல்லி நின்றேன்.

மறுநாள் சீட்டு அடித்தார்கள். முதல் சீட்டைக் குத்தகைக்காரியிடம் கொடுக்குமுன் நான் வாங்கிக்கொண்டேன். யார் வயல், எப்போது அறுத்தது, முளைப்பு என்ன என்று எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். படித்து முடிக்க நேரமானது. அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே நின்று கேட்டாள்.