ஐஸில் வந்த சாம்பிள்

சாம்பவியை வெள்ளவத்தையில் ஒருவருக்கும் பிடிக்காது. ஆண்களுக்கு ஏன் பிள்ளை உண்டாவதில்லை என்று ஆராய்கிறவளை யாருக்குப் பிடிக்கும்? துறைமுகத்தில் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்களின் விந்தணுவைப் பரிசோதிப்பதுதான் அவளது ஆய்வு. அவள் குடியிருக்கும் மாடி வீட்டுக்காரர்கள் அவளோடு லிப்டில் ஏறமாட்டார்கள். கல்யாணத் தரகர் ஒருவர் வேலை என்னவென்று கேட்டவுடன், தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பிள்ளை இல்லாத பெண்ணை கல்யாண வீட்டில் ஆலாத்தி எடுக்க விடாமல் ஓரமாக நிறுத்துகிற அதே ஆட்கள்தான் இவர்கள். ஆணையும் பார்க்கவேண்டும் என்றால் மட்டும் மானம் வந்துவிடும். நினைத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

நான் அவளுடைய ஆய்வுகூடத்தில் தாதி. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சிரிக்கமாட்டாள், ஆறுதல் சொல்லமாட்டாள், யாராவது அழுதால் பேனையை மேசையில் தட்டிக்கொண்டு முடியும்வரை காத்திருப்பாள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முகத்துவாரத்திலிருந்து நோபேட் என்ற வெல்டர் மனைவி நிலூஷாவோடு வந்தான். கூடவே அவனது தாய், மீன் விற்கிற றஞ்சிதமும் வந்தாள். நிலூஷாவை ஊசி, ஸ்கேன், ஒப்பரேஷன் என்று எல்லா டொக்டர்மாரும் பார்த்துவிட்டார்கள். ஒரு குறையும் இல்லை. நோபேட்டை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனாலும் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பப்போவதாக றஞ்சிதம் பக்கத்து ஊரான கிராண்ட்பாஸ் வரை சொல்லி வைத்திருந்தாள்.

"என்ட மகனுக்கு என்ன குறை? தனியாளா இரும்பு தூக்கிறவன்," என்றாள்.

"இரும்பு தூக்கிறதை நான் சோதிக்கிறேல்ல அம்மா. சாம்பிள் தரச் சொல்லுங்க," என்றாள் சாம்பவி.

நோபேட் அறைக்குள் போய், போன மாதிரியே வெறும் புட்டியோடு வெளியே வந்தான். சாம்பவி அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"வீட்டில எடுத்து உடனே கொண்டு வாங்க. உடம்போட ஒட்டி வச்சுக் கொண்டு வரோணும். குளிரப்படாது."

அவன் தலையாட்டினான். இதையெல்லாம் தாயிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

அடுத்த கிழமை, நோபேட்டின் பெயர் ஒட்டிய புட்டியை றஞ்சிதமே கொண்டுவந்து தந்தாள். இரண்டு நாள் கழித்து முடிவைக் கேட்க மூவரும் வந்தார்கள். அம்மாவும் இருக்கட்டும் என்று நோபேட்டே சொன்னான்.

"ஒண்டுகூட அசையேல்ல. எல்லாம் செத்துப்போய்க் கிடக்கு. குறை உங்களிட்ட இருக்கலாம். இன்னொருக்காப் பாக்கோணும்," என்றாள் சாம்பவி.

றஞ்சிதம் கதிரையை விட்டு எழும்பினாள். "பொய். அது இவன்டயே இல்ல. மூத்தவன் றொஹான்ட. அவனுக்கு மூண்டு பிள்ளையள் இருக்கு."

சாம்பவி பேனையைக் கீழே வைத்தாள்.

"எப்பிடிக் கொண்டு வந்தனீங்க?"

"பழுதாகாமத்தான். ஐஸுக்குள்ள வச்சு. மீன் கொண்டு போறனாங்கள்தானே, எங்களுக்குத் தெரியாதா?"

சாம்பவி சிரித்ததை அன்றுதான் கண்டேன். நல்ல சிரிப்பு இல்லை. "றொஹானுக்கு ஒண்டுமில்ல அம்மா. ஐஸ்தான் எல்லாத்தையும் சாகடிச்சது. நீங்க ஐஸ் வைக்காம வந்திருந்தா, நோபேட்டுக்குக் குறையில்லையெண்டு நானே கையெழுத்துப் போட்டு இந்தப் பிள்ளையை வீட்டை விட்டுக் கலைச்சிருப்பன்."

நிலூஷா புருஷனைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்," என்றான் அவன், நிலத்தைப் பார்த்தபடி.

அவள் மேசையிலிருந்த புதுப் புட்டி ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். "உள்ளுக்குப் போங்க. நான் இங்க இருக்கிறன்."

அவன் தாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு புட்டியைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, எழும்பி நடந்த தாயின் பின்னால் படியிறங்கிப் போனான். எனக்கு அவன் முதுகில் செருப்பால் எறியவேண்டும் போலிருந்தது.

நிலூஷா அழவில்லை. "என்னை ஒருத்தரும் அனுப்பத் தேவையில்ல டொக்டர். நானே போறன். ஆனா முகத்துவாரம் முழுக்க இந்த ஐஸ் கதையைச் சொல்லிப்போட்டுத்தான் போவன்."

சொல்லிவிட்டுத்தான் போனாள். றஞ்சிதத்திடம் மீன் வாங்குகிறவர்கள் ஐஸ் கேட்டால் அவள் தராசைப் போட்டுவிட்டு ஏசுகிறாளாம். அந்த மாதம் முகத்துவாரத்திலிருந்து ஆண்கள் எங்களிடம் வரத் தொடங்கினார்கள். கதவடியில் அவர்களுடைய பெண்சாதிமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வந்தவர்களில் நோபேட் மட்டும் இல்லை.