வெள்ளிக்கிழமைத் தாளில் எழுதியது

செப்டம்பர் 8, திங்கள், ஆவணி 23. காலை 10.42-க்கு வந்த மின்னஞ்சலை அப்படியே குறிப்பேட்டில் எடுத்து எழுதியிருக்கிறேன்: "நுண்கணிதம் I. முன்தகுதித் தேர்வு 12-09 அன்று 00:00 மணிக்கு நிறைவடையும். தேர்வை முடிக்காதவர்களின் பதிவு ரத்தாகும்." எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் தஞ்சாவூரில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டேன், நுண்கணிதம் ஒன்றைத் தவிர. நிக்காஹ்வுக்கு முன் ஒரு தடவை, பின் இரண்டு தடவை எழுதினேன். மூன்றாவது முறை கைக்குழந்தையோடு போய், பாதியில் எழுந்து வந்தேன். அதோடு விட்டுவிட்டேன். இந்த ஜூனில் பழைய அரியர்காரர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய பாடத்திட்டம் முடிந்துவிட்டது. அதற்கு ஈடாக இணையவழிப் பாடம் ஒன்றை இந்தப் பருவத்தில் மட்டும் எடுக்கலாம். இரண்டு நாள் நேரடி வகுப்பு தஞ்சாவூரில், மற்றதெல்லாம் இணையத்தில். இதை விட்டால் அந்தப் பட்டம் இல்லை.

பூதலூர் பக்கம் ஒரு விதைப்பண்ணையில் பதினான்கு வருடமாகத் தற்காலிக ஊழியராக இருக்கிறேன். விதை நெல்லின் ஈரப்பதம் பார்ப்பது, காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதுவது, வயல் பதிவேடுகளை நிரப்புவது என் வேலை. இதே வேலைக்கு நிரந்தர இடம் ஒன்று வரப்போகிறது. பட்டம் கேட்கிறார்கள். அடுத்த முறை வந்தால் எனக்கு வயது தாண்டிவிடும்.

பாடம் தொடங்கிய முதல் வாரத்தில் கணக்கை நான் தொடவே இல்லை. கடவுச்சொல் மூன்று முறை மாறியது. கைபேசியில் அடுக்குக்குறி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலை போயிற்று. அறிமுகப் பக்கத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த கிரிக்கெட் வீரர்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். நான் வயதையும் வேலையையும் எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. அறிமுகக் காணொளியில் ஆசிரியர் 'எல்லை' என்பதை விளக்கினார்: x ஆனது a-வை நெருங்கிக்கொண்டே போகும், a-வில் நிற்க வேண்டிய அவசியமில்லை. இருபது வயதில் இதே வாக்கியத்தை மனப்பாடம் செய்தது நினைவுக்கு வந்தது. பொருள் நினைவுக்கு வரவில்லை. அரிசி களைந்துகொண்டே இரண்டு முறை கேட்டேன்.

சார்ஜாவிலிருந்து கணவர் பேசினார்.

"இன்னுமா அந்தக் கணக்கு? நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சதுல்ல அது."

"ஆமாங்க. உங்களுக்கு முன்னாடியே பழக்கம்."

"அப்ப நான் ரெண்டாவதா? சரி சரி, முதல்ல வந்ததை முதல்ல முடி."

பண்ணையில் என்னோடு விதை சலிக்கும் அக்கா வேறு மாதிரி கேட்டார். "ஏம்மா, தெனமும் மழையத்தான் அளக்குறியே. இன்னும் எதைப் போய் அளக்கப் போற?"

எங்கள் வீட்டில் எதை மறக்கக் கூடாதோ அதைத் தினசரிக் காலண்டரின் அந்தந்தத் தாளில் எழுதிவைப்பது வழக்கம். கேஸ் பதிவு, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கூட்டம் எல்லாம் அதில்தான். அன்றைய தாள் மேலே வரும்போது வேலையும் கண்ணில் படும். திங்களன்று காலண்டரின் மேல் தாள்களைத் தூக்கிப் பிடித்து, 12-ஆம் தேதித் தாளில் 'கணக்குத் தேர்வு' என்று எழுதினேன். வெள்ளி காலை வியாழனைக் கிழித்ததும் அது தெரிந்தது. பிற்பகல் பண்ணையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்து, கதவைச் சாத்தி, தாளும் பேனாவும் எடுத்துவைத்து உட்கார்ந்தேன். தேர்வுப் பக்கத்தில் பொத்தானே இல்லை.

ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். குரலைக் கேட்டால் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

"போர்ட்டல் க்ளோஸ் ஆயிருச்சு மேடம். ராத்திரி பன்னெண்டோட முடிஞ்சுது."

"இன்னிக்குத்தானேங்க வெள்ளிக்கிழமை?"

"ஆமா மேடம். வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிச்சிருக்கணும்."

மழைமானிக் கணக்கில் வியாழன் மாலை பெய்த மழை வெள்ளியின் பெயரில்தான் ஏறும். பதினான்கு வருடமாக என் கையால் ஏற்றியிருக்கிறேன். வீட்டிலும் வியாழன் அந்தியில், மஃரிப் தொழுகையோடு வெள்ளி பிறந்துவிடும். நாள் எங்கே தொடங்குகிறது என்பதில் தவற வேண்டிய ஆளே இல்லை நான். தாளைக் கிழிக்கும் கைப்பழக்கம் இரண்டையும் மீறிவிட்டது.

"நேத்து உங்க ஊர்ல கரண்ட் போச்சா மேடம்?" என்றார் அவர்.

"போகலங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. சாயங்காலம் ஒரு மணி நேரமாவது? கரண்ட் இல்ல, உடம்பு சரியில்லைன்னா அதுக்கெல்லாம் ஃபார்ம்ல கட்டம் இருக்கு, நானே திறந்து விட்டுருவேன். மத்தவைன்னு போட்டா மேல கையெழுத்து வாங்கணும். அவங்க போடுவாங்களான்னு தெரியாது."

"நான் மறக்கலங்க. தாள்ல எழுதித்தான் வச்சிருந்தேன்."

"எந்தத் தாள்ல?"

சொன்னேன். "எங்க அம்மாவும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார். "சரி, எதுவா இருந்தாலும் ஒரு மெயில் போடுங்க."

நடந்ததை ஏழு வரியில் எழுதி, 12-ஆம் தேதி மாலை 4.15-க்கு அனுப்பினேன். மின்சாரம் போனதாக எழுதக் கை வரவில்லை என்று சொன்னால் பெருமை மாதிரி ஆகிவிடும். உண்மையில், ஒரு பொய்யை யோசித்து, அதை நினைவில் வைத்துக்கொண்டு, கேட்டால் மறுபடி சொல்லும் தெம்பு அன்று என்னிடம் இல்லை.

கணவருக்குச் சொன்னபோது, "போச்சுன்னே சொல்லியிருக்கலாமே. அங்க கரண்டு போகாத நாள் எது?" என்றார்.

"வியாழக்கிழமைங்க" என்றேன்.

சனியும் ஞாயிறும் அந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்தேன் என்பதைக் குறித்துவைக்கவில்லை. பட்டம் போனால் போகட்டும் என்று இரண்டு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டு, மாலையில் துணி மடிக்கும்போது மறுபடி திறந்து பார்த்தேன்.

திங்கள், 15-ஆம் தேதி, காலை 11.20-க்கு ஒரு குறுஞ்செய்தி. அன்று மாலை ஆறு மணி வரை மட்டும் தேர்வு திறந்திருக்கும். விதைக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே, சிக்னல் வரும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அதற்கே போயிற்று. சலிப்பு இயந்திரத்தை அக்கா நிறுத்தி வைத்தார். "சீக்கிரம் போட்டு முடி, மேஸ்திரி வந்தா என்னைத்தான் கேப்பாரு" என்றார். இருபது கேள்விகள். முக்கோணவியலில் வந்த ஐந்தில் நான்கு தவறு. மொத்தத்தில் பதினொன்று சரி, தேறப் பத்து போதும். சந்தோஷப்பட முடியவில்லை, தூக்கம்தான் வந்தது.

மாலையில் என் பக்கத்தில் முதல் அலகு திறந்திருந்தது. அதன் மேலே சிறிய எழுத்தில் ஒரு வரி: "கால நீட்டிப்பு: அனுமதி. காரணக் குறியீடு: 2." ஒருங்கிணைப்பாளரைக் கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு மேடம்? கிளாஸைப் பாருங்க."

தஞ்சாவூரில் நடந்த முதல் நேரடி வகுப்பில் பக்கத்தில் இருந்த மாணவி, இரண்டு என்றால் மின்தடை என்றாள். அவளுக்கும் போன பருவத்தில் அதே எண்தானாம். பின் வரிசைப் பையன், இல்லை, இரண்டுதான் 'மற்றவை' என்றான். மின்தடை என்றால் என் மின்னஞ்சல் ஒன்று சொல்கிறது, பதிவு வேறொன்று சொல்கிறது. பருவ முடிவில் யாராவது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பட்டம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. 'மற்றவை' என்றால், மேலே யாரோ என் ஏழு வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். குறியீடுகளின் பட்டியலைக் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. இப்போது மூன்றாவது அலகில் இருக்கிறேன். காரணக் குறியீடு 2 எதைக் குறிக்கிறது என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.