பாரிஸ் வழியாக ஒரு வாஷ்பேசின்

உள் அலங்காரத் தொழிலில் சுவரை நேராக்குவது சுலபம்; சுவருக்குச் சொந்தக்காரரை நேராக்குவதுதான் நடக்காத காரியம். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் இப்போதே தலையாட்டுவீர்கள் என்று தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் லோதி ரோடு அலுவலகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். அரசாங்கக் குடியிருப்புகளுக்குக் கக்கூஸும் குளியலறையும் வரைந்து வரைந்து கை மரத்துப்போயிருந்தது. அப்போதுதான் தெற்கு டில்லி மார்க்கெட் ஒன்றில் பிரெஞ்சு பாணி ரெஸ்டாரென்ட் அமைக்கும் வேலை வந்தது. மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு போட்டேன். அதற்குள் இன்னொரு வேலை கிடைத்தால் ராஜினாமா. இல்லாவிட்டால் மறுபடி கக்கூஸ். இது என் மனைவி சரோஜா போட்ட நிபந்தனை.

ரெஸ்டாரென்ட் முதலாளி மல்ஹோத்ரா பாரிஸைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தில் டைப்பிஸ்டாக இருந்த என் மைத்துனன் கொண்டுவந்த பழைய பத்திரிகைப் படங்கள்தான் எங்களுக்குப் பாரிஸ். அதனாலேயே இருவரும் நிபுணர்களாகிவிட்டோம்.

வெடிப்பு

படத்தில் சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடந்தது. அதே மாதிரி வேண்டும் என்று மேஸ்திரி பழனியிடம் சொன்னேன். சேலத்துக்காரர்; பூச்சு வேலையில் கெட்டிக்காரர். காலையில் நான் சொன்னபடி வெடிப்பு வைப்பார். நான் சாப்பிடப் போனதும் மனசு கேட்காமல் பூசி மூடிவிடுவார். மூன்றாம் நாள் நான் கத்தியதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

“வெடிப்பு வெச்சுத் தர்றனுங்க சார். ஆனா இத நான்தான் பூசுனேன்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.”

குழாயடி

ஹாலின் நடுச்சுவரில், எல்லா மேஜைக்கும் தெரியும்படி வாஷ்பேசின் வேண்டும் என்றார் மல்ஹோத்ரா. அதற்கு மேலே ஒரு டியூப்லைட்டும். பிரான்ஸில் அப்படிக் கிடையாது என்று மன்றாடினேன். “அரே பாய், பட்டர் சிக்கன் தின்னவன் கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உங்க பிரான்ஸைத் தேடணுமா?” என்றார். (பிரெஞ்சு மெனுவில் முதல் அயிட்டமே பட்டர் சிக்கன்தான்.)

பாரிஸில் குழாயடி வைத்தவனுக்கு அடுத்த வேலையை யார் தருவார்கள்? ஆத்திரத்தில் பத்தே நிமிஷத்தில் வரைந்து எறிந்தேன். பழக்கதோஷத்தில் கை தானாகப் போனது: பெரியவர்களுக்கு ஓர் உயரம், குழந்தைகளுக்கு ஓர் உயரம், தண்ணீர் மேலே தெறிக்காத சரிவு, பித்தளைக் குழாய்கள், நீளமாய் ஒரு கண்ணாடி. படத்தைப் பார்த்ததும் பழனியின் முகம் மலர்ந்தது.

“இதுதானுங்க சார் வேலை. இதுக்கு வேணா எம் பேரச் சொல்லுங்க.”

மெழுகுவர்த்தி

அந்தக் கோடையில் தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. திறப்பு விழா அன்று ஹால் விளக்குகளை அணைத்து, மேஜைக்கு மேஜை மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தேன். முதலில் வந்தது ஒரு தம்பதி. வாசலிலேயே நின்றார்கள். ரசிக்கிறார்கள் என்று பூரித்துப்போனேன். அந்த அம்மாள் கணவரிடம் சலித்துக்கொண்டாள்.

“இங்கேயும் கரண்ட் போயிடுச்சு. வாங்க, வீட்டு இருட்டுலயே சாப்பிடலாம்.”

இருவர் மேஜை

தப்பித்தவறி இருவராக வந்தது அவர்கள் மட்டும்தான். டில்லியில் ஹோட்டலுக்கு வருவது குடும்பம் இல்லை, கூட்டம். நானோ படத்தில் இருந்தபடி இருவர் உட்காரும் வட்ட மேஜைகளாகப் போட்டிருந்தேன். பிறந்தநாள் என்று பதினாலு பேர் வந்தார்கள். ஏழு மேஜைகளைச் சேர்த்துப் போட்டார்கள். வட்டத்தோடு வட்டம் எங்கே சேரும்? ரொட்டிக் கூடை ஓர் இடைவெளியில் விழுந்தது, தயிர் இன்னொன்றில். குடும்பத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

“இது யாருக்குப் போட்ட மேஜை? பாகம் பிரிச்சுக்கிட்டவங்களுக்கா?”

இரண்டாவது வேலை

லீவு முடிய நாலு நாள் இருந்தது. ஒரு மூலையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டவர்கள் எல்லாரும் வாஷ்பேசின் முன்னால்தான் நின்றார்கள். கை கழுவிய பிறகும் நகரவில்லை. தலை வாரினார்கள், பொட்டைச் சரிசெய்தார்கள், அரட்டை அடித்தார்கள். கரோல்பாக்கில் கல்யாண மண்டபம் நடத்தும் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே மல்ஹோத்ராவிடம் ஏதோ கேட்டார். மல்ஹோத்ரா என்னைக் கை காட்டினார். நான் எழுந்து நின்றேன்.

“சுவர் வெடிச்சிருக்கு, வெளிச்சம் இல்லை, மேஜை ஒட்டலை. ஆனா வாஷ்பேசின் அச்சா! எங்க மண்டபத்துக்கு இதே மாதிரி எட்டு வேணும்.”

மறுநாளே ராஜினாமாக் கடிதம் எழுதி சரோஜாவிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

“இதைத்தானே ஆபீஸ்ல ஃபேன் காத்துல உட்கார்ந்து வரைஞ்சிண்டிருந்தேள்?”

கக்கூஸிலிருந்து தப்பிக்கப் பாரிஸ் வரைக்கும் ஓடிய நான், கடைசியில் வாங்கியது வாஷ்பேசினுக்கு ஒரு பதவி உயர்வு மட்டும்தான்.