வீட்டில் முறுக்கு சுட்டதாகச் சொன்ன பொய்

என் டைரியில் தீபாவளிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைக் குறிப்பு: "பகல் 2.40. மனைவி கடையில் மயக்கம். தலைவலி, வாந்தி. எமர்ஜென்சியில் ரத்தப் பரிசோதனை: கார்பன் மோனாக்சைடு." அதற்குக் கீழே, மறுநாள் தேதியில்: "பொய் சொன்னேன்."

அமெரிக்காவில், டெக்சாஸின் பிளானோ நகரில் ஓர் இனிப்புக் கடையின் கிச்சனில் அவள் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். என் விசாவைச் சார்ந்த டிபெண்டென்ட் விசா அவளுக்கு; வேலை செய்ய அனுமதி இல்லை. கடையின் ஏசி குளிர்ச்சியையெல்லாம் வெளியே இழுத்துவிடுகிறது என்று, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் ஃபேனை முதலாளி அணைத்துவிடுவார். நான்கு கேஸ் அடுப்புகள், சாத்திய கதவு.

புதன் காலை, மருத்துவமனை கொடுத்த தகவலின் பேரில் கவுன்டி (மாவட்ட) சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் அழைத்து, எங்கே நடந்தது என்று கேட்டார். எங்கள் க்ரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. மனைவி என் முகத்தையே பார்த்தாள். "வீட்டில்தான், முறுக்கு சுடும்போது" என்றேன்.

மதியமே தீயணைப்புத் துறையினர் இருவர் மீட்டரோடு வந்தார்கள். எங்கும் பூஜ்யம். எங்கள் அடுப்பு கரண்ட் அடுப்பு. அதிலிருந்து அந்த வாயு வராது. ஒருவர் அடுப்பைக் குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மீட்டரை அணைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும், கடையில் கூட வேலை செய்யும் ஆன்ட்டிக்கு மனைவி போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆன்ட்டி, தலை வலிக்குதா?"

"வலிக்காம? நாலு நாளா வலிக்குது. மகாராணி நீ லீவ் போட்டுட்ட, உன் முறுக்கையும் நான்தான் சுடறேன்."

"ஃபேன் போட்டிருக்காங்களா?"

"கேட்டா ஓனர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்."

"உடனே வெளிய வந்துடுங்க ஆன்ட்டி!"

"இன்னும் ரெண்டு டப்பா மாவு இருக்குடி." போனை வைத்துவிட்டார்.

"ஏங்க, கால் பண்ணி உண்மைய சொல்லுங்க."

"நம்ம கார்டு?"

"அவங்க அங்க விழுந்துட்டா, கார்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

3.15க்கு சுகாதாரத் துறைப் பெண்ணை அழைத்து, நடந்தது கடையில்தான் என்றேன். காலையில் ஏன் சொல்லவில்லை என்றோ என்ன விசா என்றோ அந்தப் பெண் கேட்கவில்லை. "இப்போது உள்ளே எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார்.

3.50க்கு பார்க்கிங் லாட்டிலிருந்து ஆன்ட்டி அழைத்தார். "ஃபயர்காரங்க வந்து எல்லாரையும் வெளிய நிக்க வச்சுட்டாங்க. தீபாவளி ஆர்டர் மொத்தமும் போச்சு. எந்த மகராசன் கம்ப்ளெயின்ட் பண்ணானோ!"

"தலைவலி இப்போ எப்படி இருக்கு ஆன்ட்டி?" என்றாள் மனைவி.

ஃபேன் இப்போது ஓடுகிறது. போய்ப் பார்த்தேன். எங்கள் பெயர் குடியேற்றத் துறை உட்பட வேறெந்த அலுவலகத்துக்கும் போகாது என்று சுகாதாரத் துறைப் பெண் சொன்னார். அது உண்மையா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.