திராட்சைப் படத்தில் ஒரு விரல் தடம்

உங்கள் அத்தையை, அதாவது என் அக்காவை, எங்கள் அப்பா நர்ஸ் படிப்புக்கு அனுப்புவதாகத்தான் இருந்தார். அது இரண்டாயிரமாவது வருடக் கோடை. அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். நான் மூன்றாம் வகுப்பு. சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம்.

அக்காவுக்குக் கும்பகோணம் போய் ஓவியம் படிக்க ஆசை. "படம் போட்டு என்ன ஆத்தா செய்யப் போற? மாட்டுக் கொம்புக்கு நானே பெயிண்டு அடிச்சிருவேனே" என்று அப்பா சிரித்தே தட்டிக்கழித்தார். நர்ஸ் படிப்பு விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை தேனியில் கொடுக்க வேண்டும். அப்பாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை அக்காவின் டிராயிங் வாத்தியார் தோட்டத்துக்கே வந்துவிட்டார். எல்லை தாண்டி மலையாளத்து ஊர் ஒன்றில் சித்திர மியூசியம் இருக்கிறது, பிள்ளையைக் கூட்டிப்போய் ஒரு தடவை பாருங்கள், பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் நான் பேச வரமாட்டேன் என்றார். வீடு தேடி வந்த வாத்தியாரிடம் முடியாது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அம்மாவோ அதில் ஒரு வசதியைக் கண்டாள். "வாத்தியாரே வாயால சொல்லிட்டாக. பாத்துட்டு வந்து வேணாம்னு சொல்லுங்க, அவளும் அடங்கிருவா."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நான் தரையில் விழுந்து புரண்டு அழுது கூடவே ஒட்டிக்கொண்டேன். குமுளி போய், அங்கிருந்து இன்னொரு பஸ். மலைப்பாதை வளைவுகளில் நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.

மியூசியத்தில் ராஜாக்கள் இருந்தார்கள், யானைகள் இருந்தன, நகை போட்ட ராணிகள் இருந்தார்கள். அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, ஒவ்வொரு படத்தின் முன்னாலும் கொஞ்ச நேரம் நின்றார். "ராஜா நல்லாத்தான் இருக்காரு" என்றார். மூன்றாவது அறையில் கடிகாரத்தைப் பார்த்து, "மூணு மணி வண்டியப் பிடிக்கணும்" என்றார். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

கடைசி அறையில் ஒரு சின்னப் படம் இருந்தது. மேசை மேல் ஒரு குலை கறுப்புத் திராட்சை. அவ்வளவுதான்.

பிள்ளைகளே, கொடியிலிருந்து பறித்த புதுத் திராட்சையின் மேல் மாவு தூவியது போல ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். விரல் பட்டால் அது போய்விடும். போனால் வியாபாரி பழைய பழம் என்பான். அதனால் எங்கள் வீட்டில் யாரும் பழத்தைத் தொடமாட்டோம், காம்பைத்தான் பிடிப்போம். மறந்துபோய்ப் பழத்தைத் தொட்டு நான் வாங்கிய குட்டுகளுக்கு அளவில்லை.

அப்பா படத்தின் அருகே குனிந்தார். முகம் மாறியது. காவலாளியைக் கூப்பிட்டார். குமுளிச் சந்தையில் பழம் விற்றுப் பழகிய அரைகுறை மலையாளத்தில் தொடங்கித் தமிழுக்கே தாவி, "சேட்டா, இங்கன பாருங்க. யாரோ கைய வச்சுட்டாக. இத்தன பேரு காவலுக்கு இருந்து என்ன செய்யுறீக?" என்று சண்டைக்கே போய்விட்டார்.

அவர் காட்டிய இடத்தை நானும் எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு பழத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மாவு அழிந்து கறுப்பு மின்னியது. "நான் தொடலப்பா" என்று முதல் வேலையாகச் சொல்லிவிட்டேன்.

காவலாளி படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆரும் தொட்டதல்ல சேட்டா. அது வரச்சதாணு."

வரைந்ததுதான் என்பதை நம்ப அப்பாவுக்கு வெகுநேரம் பிடித்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தார். பிறகு தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்: "தொட்ட கைய வரையல. தொட்டுட்டுப் போனத வரைஞ்சிருக்கான். எம்புட்டு நேரம் குலையவே பாத்துக்கிட்டு இருந்திருப்பான்."

அக்காவின் பக்கம் திரும்பினார். "ஒனக்கு இது முன்னாலயே தெரிஞ்சுதா?"

"வந்ததுமே பாத்துட்டேன்ப்பா."

"இந்த மாதிரி ஒனக்கு வருமா?"

வரும் என்று சொல்லக்கூடாதா என்று நான் மனதுக்குள் துடித்தேன். அக்கா உண்மையைச் சொன்னாள். "இப்ப வராதுப்பா. படிச்சா வரலாம்."

காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டாள் என்று எனக்கு ஒரே கோபம். அப்பா மறுபடி படத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மூணு மணி வண்டி போயே போய்விட்டது.

கம்பத்தில் வந்து இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. எங்கள் ஊர் டவுன் பஸ் புறப்பட நின்றது. அப்பா அதில் ஏறாமல், பஸ் நேரம் சொல்கிறவர் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்குப் போனார். கும்பகோணத்துக்கு எங்கெங்கே மாற வேண்டும், விடியக் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாமா என்று கேட்டார். மதுரை, தஞ்சாவூர் என்று அவர் சொல்லச் சொல்ல, அப்பா ஒவ்வொரு ஊரையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

இன்னொரு மியூசியத்துக்குக் கூட்டிப்போகிறார் என்று எனக்குக் குஷியாகிவிட்டது. "அப்பா, அந்தப் பஸ்ல நாந்தான் ஜன்னலோரம்" என்றேன்.

"ஒனக்கு இல்லலே. அக்கா உக்காரட்டும்."

நான் காலை உதைத்து அழ ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அக்காவும் அழுதுகொண்டிருந்தாள். ஜன்னலோரம் கிடைத்தவள் எதற்காக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.