ஜெயம்மாள் கடையில் நடு ஷீட்டு

எண்பத்தாறாம் வருஷம் ஜெயம்மாளுக்கு முட்டி பிடித்துக்கொண்டு, நாஷ்டா கடை தேவகி கைக்கு வந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது ஒரு வழக்கம். காலையில் சட்டியிலிருந்து வரும் முதல் ஈடு போண்டா வாசல் பெஞ்சுக்குத்தான், காசு வாங்க மாட்டாள். புதிதாக வந்தவன் யாராவது எனக்கும் இனாமா என்று கையை நீட்டினால், "பெஞ்சுல குந்திகீறவங்க எனக்கு இன்னா செஞ்சாங்கன்னு தெரியுமா உனக்கு?" என்பாள். தெரியாது, சொல்லேன் என்றால் சொல்லவும் மாட்டாள், அடுத்த ஈட்டுக்கு மாவைக் கிள்ளிப் போட ஆரம்பித்துவிடுவாள்.

அவள் சொல்லாவிட்டால் என்ன, கதை இதுதான். நடந்தது எழுபத்தெட்டில்.

உத்திரமேரூருக்கு நாலு மைல் இந்தப் பக்கம், ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் பஸ் நிற்கும். அங்கேதான் கடை. ஊருக்கே வருகிற ஒரே பேப்பர் ஜெயம்மாள் கடைக்குத்தான் வந்தது. முதல் பஸ் கண்டக்டர் சுருட்டி எறிந்துவிட்டுப் போவார். அதை எடுத்து உரக்கப் படிக்கிற உரிமை வீராசாமிக்கு. அவர் பம்புசெட் மெக்கானிக், எட்டாவது வரை படித்தவர், விரலில் எப்போதும் கிரீஸ். சேதியைப் படிப்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை, ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பும் சொல்வார். மண்ணெண்ணெய் ஏன் கிடைக்கவில்லை, வரதட்சணையை எப்படி ஒழிப்பது, டெல்லியில் இருப்பவர்கள் எங்கே கோட்டை விட்டார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. டெல்லியிலிருந்து யாரும் வந்து அவரைக் கேட்காததுதான் குறை.

அவருக்கு எதிர்ப்பாட்டுப் பாடுகிறவர் முனிரத்தினம். வாழை இலைக் கட்டுகளை சைக்கிளில் வைத்து உத்திரமேரூர் ஓட்டல்களுக்குக் கொண்டுபோகிறவர். டெல்லி அவருக்கு வேப்பங்காய். நடுவில் ஒரு ஷீட்டு இருக்குமே, அதில் சினிமாப் பக்கம், அது மட்டும் வேண்டும். எந்த நடிகை யாரோடு எந்தக் காரில் போனாள் என்று படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, அதை இலைக்கட்டோடு சேர்த்து ஊர் ஊராக இறக்கிவிட்டு வருவார். அவர் காதில் ஒன்று விழுந்தால் போதும், தண்டோராக்காரனுக்கு வேலையில்லை.

கடைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. இன்றைய பேப்பரில் வடை கட்டக் கூடாது, நேற்றைய பேப்பரில்தான் கட்ட வேண்டும். கலெக்டரே வந்து கேட்டாலும் ஜெயம்மாள் இதில் இறங்கி வர மாட்டாள்.

இந்தக் கடைக்குத்தான் தேவகி வந்து சேர்ந்தாள். என் சித்தி பெண், புருஷன் பம்பாயில் மில்லில் இருக்கிறான் என்று ஜெயம்மாள் சொல்லி வைத்திருந்தாள். சித்தியும் பொய், பம்பாயும் பொய். தேவகி தாமலில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கோபாலுக்குச் சாராயம் உள்ளே போய்விட்டால் கை நிற்காது. ஒரு நாள் உலக்கையால் அடித்ததில் அவளுடைய இடது மணிக்கட்டு உடைந்து, வளைந்தபடியே கூடிப்போனது. அது கூடிய மறு மாதம் ஒரு விடியலில் பஸ் ஏறினாள். கையிலிருந்த சில்லறைக்கு எது வரை டிக்கெட் கிடைக்குமோ அது வரை போய், அங்கிருந்து நடந்து, பசியில் கண் இருட்டி நின்ற இடம் ஜெயம்மாள் கடை வாசல். ஜெயம்மாள் ஒரு கேள்வி கேட்கவில்லை. நாலு இட்லி வைத்தாள், சாப்பிட்டு முடித்ததும் மாவாட்டத் தெரியுமா என்றாள்.

ஆறு மாதம் நல்லபடியாகப் போயிற்று. பெஞ்சில் நடக்கும் பேச்சை அடுப்படியிலிருந்து கேட்பாள், வாயைத் திறக்க மாட்டாள். ஒரு நாள் திறக்க வேண்டி வந்தது.

அந்த வாரம் பேப்பர் முழுக்க ஒரு நடிகையின் வீட்டுச் சண்டைதான். புருஷனை விட்டு வந்துவிட்டாளாம். காம்பவுண்டு சுவர் மேல் ஏறி எவனோ போட்டோ எடுத்திருந்தான், தலைவிரி கோலத்தில், கையில் குழந்தையோடு.

"இதெல்லாம் போடலாமான்னு கேக்கறாங்க சில பேரு," என்றார் வீராசாமி. "ஏன் போடக்கூடாது? நாம டிக்கெட்டு வாங்கித்தானே அவங்க பங்களா கட்னாங்க? அவங்க வூட்ல இன்னா நடக்குதுன்னு தெரிஞ்சிக்க நமக்கு பாத்தியதை கீது."

"அப்டி போடு," என்றார் முனிரத்தினம். இரண்டு பேரும் ஒத்துப்போனது அதிசயம்தான்.

போண்டா சட்டிப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஏண்ணா, டிக்கெட்டு சினிமாவுக்குத்தானே வாங்கினீங்க? அவங்க வூட்டுக்கா வாங்கினீங்க?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த வரதன், வெள்ளைக் கோவணத்தோடு வயலிலிருந்து நேரே டீக்கு வருகிற கிழவர், இருமல் வரும் வரை சிரித்தார். வீராசாமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பத்து வருஷமாகத் தீர்ப்பு சொல்லி வருகிறவர், மாவுக் கையோடு நின்ற ஒரு பெண்ணிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் எதைப் படித்தாலும், "டிக்கெட்டு வாங்கினியா வீராசாமி?" என்பது பெஞ்சுக்கு வேடிக்கையாகிவிட்டது. அவரும் விடவில்லை. "இரு, இதுக்கு ஒரு பதில் வெச்சிகீறேன்," என்று தேவகியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பதில் நாலாம் நாள் பேப்பரில் வந்தது. முதல் பக்கம் படித்தார், கரண்ட் சார்ஜுக்காக விவசாயிகளை நாலு திட்டு, சர்க்காரை நாலு திட்டு திட்டினார். "சினிமாவுக்கு வாய்யா," என்று முனிரத்தினம் அவசரப்படுத்தவும் நடு ஷீட்டைப் பிரித்தார். பிரித்தவர் தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, கண்ணு தெரியலியா?"

"சீ, அச்சு சரியில்ல. ஒண்ணியும் புரில." நடு ஷீட்டை உருவி நாலாக மடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்கு வந்தார். "தேவகிம்மா, நாலு மசால் வடை. இதுல கட்டு."

"அது இன்னிக்கு பேப்பர்," என்று கல்லாவிலிருந்து ஜெயம்மாள் குரல் கொடுத்தாள்.

"தெரியும் ஜெயம்மா. கட்டச் சொல்லு."

"யோவ், என் சினிமாப் பக்கம்யா அது," என்று முனிரத்தினம் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டார். வீராசாமி திரும்பிப் பார்க்கவில்லை.

தேவகி இரண்டாம் கிளாசோடு நின்றவள். படிக்க வராது, தன் பேரை மட்டும் எழுதவும் தெரியும், பார்த்தால் தெரியவும் செய்யும். மேலாக மடித்திருந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் தடிப்பாக மூன்று எழுத்து. அவளுக்கு உலகத்திலேயே தெரிந்த மூன்று எழுத்து. எடுத்த வடையைத் தட்டிலேயே போட்டுவிட்டு அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இன்னாண்ணா எழுதிகீது?"

வீராசாமி குரலைத் தாழ்த்திப் படித்தார். "காணவில்லை. தேவகி, வயசு இருபத்தாறு, மாநிறம். தாமல் கோபால் சம்சாரம். இடது மணிக்கட்டு வளைஞ்சிருக்கும். பார்த்தவங்க தகவல் குடுக்கணும்."

"வளைச்சவனே அடையாளம் போட்டுகீறான்," என்றாள் தேவகி. அழக்கூட வரவில்லை அவளுக்கு. ஊர்க்காரர்கள் தெரிந்துகொண்டு சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் ஒருவன் வாயிலிருந்து தாமலுக்குச் சேதி போனால், இந்த அடுப்பு, இந்தச் சட்டி, மூன்று வேளை பயமில்லாத சோறு, எல்லாம் போச்சு. முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். அடுத்தது எந்த எலும்போ.

வீராசாமி பொட்டலத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். "நீ கேட்டதுக்குப் பதில் தேடிக்கினு இருந்தேன்ல? பதில் இல்லம்மா. நீ கேட்டது கரெக்டு," என்றார். பத்து வருஷத்தில் அவர் தோற்றதை ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

இந்த மாதிரி விளம்பரம் மூன்று நாள் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த இரண்டு நாளும் முதல் பஸ்ஸுக்கே வந்து பேப்பரைப் பிடித்து நடு ஷீட்டை உருவி டூல்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டார். மெட்ராஸில் மிஷின் ரிப்பேராம், நடு ஷீட்டு வரவில்லை என்று கூசாமல் சொன்னார். வரதன் அதை அப்படியே கேட்டுக்கொண்டார். தேவகிக்குப் பயம் முனிரத்தினத்தைப் பார்த்துத்தான். முதல் நாள் சினிமாப் பக்கத்துக்காக மல்லுக்கு நின்றவர், இரண்டாம் நாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீயைக் குடித்தார், இலைக்கட்டைத் தூக்கினார், போய்விட்டார்.

ஐந்தாம் நாள் வீராசாமி கடைக்கு வரவில்லை. எங்கேயோ கிணற்றில் மோட்டார் மூழ்கிவிட்டதென்று விடியும் முன்பே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தேவகி பின்கட்டில் ஆட்டுக்கல்லில் இருந்தாள். பஸ் வந்து நின்று போன சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு குரல்.

"இங்க தேவகின்னு ஒரு பொம்பள வேல செய்யுதாமே?"

வேதகிரி. அவள் புருஷனுடைய அண்ணன். குழவியைப் பிடித்த கை அப்படியே நின்றது. பின்னால் ஏரி, முன்னால் ரோடு, நடுவில் ஒரு தென்னங்கீற்றுத் தட்டி. பெஞ்சில் இருப்பதோ முனிரத்தினம். ஒரு நடிகை தும்மினால் ஊருக்குச் சொல்கிறவர். தேவகி வளைந்த மணிக்கட்டை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"இன்னா பேரு சொன்ன?" இது முனிரத்தினம்தான்.

"தேவகி. தோ, பேப்பர்லயே போட்டுகீது பாரு."

முனிரத்தினம் துண்டுப் பேப்பரை வாங்கி எழுத்துக் கூட்டிப் படிக்கிறது கேட்டது. கா, ண, வில், லை. இந்த மனுஷன் அதை முடிப்பதற்குள் தன் உயிர் போய்விடும் போலிருந்தது அவளுக்கு.

"தாமலா? ஏரி ரொம்பிச்சா உங்கூர்ல?"

"ரொம்பிச்சி. அத விடு. அந்தப் பொம்பள கீதா இல்லியா?"

"இங்க வேல செய்யறது ஜெயம்மா தங்கச்சி. அது பேரு மலர்க்கொடி. இன்னா வரதரே?"

ஆறு மாதமாக தேவகிம்மா ஒரு டீ, தேவகிம்மா ஒரு டீ என்று கூப்பிட்ட வரதன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆமா, மலரு. அதுவும் மாமியார் வூட்டுக்குப் போய்கீது. பம்பாய்க்கு."

"யார்ரா உனக்கு இங்க கீதுன்னு சொன்னது?" என்று முனிரத்தினம் குரலை உயர்த்தினார். "இந்த பெஞ்சுக்குத் தெரியாத சேதி இந்த வட்டாரத்துலயே கெடையாது. அப்டி ஒருத்தி வந்திருந்தா மொதல்ல எனக்குத் தெரிஞ்சிருக்கும். என் வாயப் பத்தி யாரவேணா கேட்டுப் பாரு."

அவர் வாயைப் பற்றி யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வேதகிரிக்கு நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஜெயம்மாள் ஒரு டீயை ஆற்றி அவன் முன்னால் நங்கென்று வைத்தாள். குடித்தான், திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறினான். அப்புறம் தாமலிலிருந்து யாரும் வரவில்லை.

பஸ் திருப்பத்தில் மறைந்தது. தேவகி மாவு ஒட்டிய கையோடு வெளியே வந்தாள். கும்பிடத் தோன்றியது, ஆனால் இரண்டு கையும் மாவு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் முடியவில்லை.

"உனக்கு எப்டிண்ணா தெரியும்?"

"வீராசாமி சினிமாப் பக்கத்த வடைக்குக் கட்டிட்டாரு. வுட முடியுமா? உத்திரமேரூர்ல முடி வெட்ற கடையில போய்ப் படிச்சேன். அந்தப் பக்கத்துக்குப் பின்னாடியே கீது." அவர் இலைக்கட்டை சைக்கிளில் ஏற்றிக் கயிற்றை இறுக்கினார்.

"அஞ்சு நாளா தெரியும். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலியா? ஏன் வந்தே, எதுக்கு வந்தேன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

"அத எப்டிம்மா கேக்கறது?" என்றார் முனிரத்தினம். "அதுக்கு நான் டிக்கெட்டு வாங்கலியே."