வேதக்கோயில் சாவி

எங்கள் உபதேசியார் இறந்து பல வருடங்களாகிவிட்டன. இறந்தவர்மேல் கோபம் வைக்கக் கூடாது என்பார்கள். நான் வைத்திருக்கிறேன். அவர்மேல் மட்டும்தானா என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு ஒரே ஒரு காம்பரா. அதற்குள் அப்பா, அம்மா, அக்கா, நான், எனக்குக் கீழே மூன்று தம்பிகள். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் பதினைந்துக்கு மேல் இருக்காது. மலைச்சரிவில் தகரக் கூரை போட்ட சின்ன வேதக்கோயில் ஒன்று எங்களுக்கு இருந்தது. அட்டனிலிருந்து ஐயர் என்று நாங்கள் அழைக்கும் பாதிரியார் மாதம் ஒருமுறை வந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் எல்லாம். அவர் சொல்வார், அக்கா செய்வாள்.

ஆறு நாளும் அவளுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. விடியுமுன் பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, கடைசித் தம்பியை ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுவாள். சாயந்தரம் கூடையை இறக்கியதும் விறகுக்குப் போவாள். ஏழாம் நாள் கோயில். இருட்டோடு போய்ப் பூட்டைத் திறந்து, கூட்டி, பாய் விரித்து, பூ வைத்து, பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துவாள். ஆராதனையில் பாட்டைத் தொடங்கிக் கொடுப்பதும் அவள்தான். ஐயர் வருகிற ஞாயிறு என்றால் உபதேசியார் வீட்டில் சமையலும் அவள். அதற்கும் பிறகு அடுத்த டிவிசனில் ஜெபக்கூட்டம். அப்பாவோ ஆராதனைக்கு மணியடிக்கும்வரை கம்பளிக்குள் கிடப்பார். ஓய்வுநாளை ஆண்டவர் ஆம்பிளைகளுக்காகத்தான் உண்டாக்கினார் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கொழுந்து மண்டிக் கிடந்த ஒரு சித்திரை மாதம். அந்த ஞாயிறு ஐயர் வந்திருந்தார். அவர் அன்று பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம் இளைப்பாறுதல். பெண்கள் பக்கத்துப் பாயில் சுவரோரமாக அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவள் தலை மெதுவாக என் தோளில் வந்து விழுந்தது. எப்போதும் நான்தான் அவள்மேல் சாய்வேன். எனக்குப் பெருமையாகிவிட்டது. அசையாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவளுக்குக் குறட்டை வந்துவிட்டது.

முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். உபதேசியார் எழுந்து நின்றார். ஐயர் பிரசங்கத்தை நிறுத்த, உபதேசியார் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, ஆறு நாளும் மலையில நிக்கிறப்ப வராத தூக்கம் ஆண்டவர் சந்நிதியில மட்டும் வருதோ? எந்திரிச்சு நில்லு!"

அக்கா எழுந்து நின்றாள். ஐயர் கொஞ்சம் தயங்கினார். பிறகு இளைப்பாறுதலைப் பற்றி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவர் முடிக்கும்வரை அவள் நின்றாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தலையை நிமிர்த்தவில்லை. தரையில் இருந்த எனக்கு அக்காவின் குதிகால்கள்தான் தெரிந்தன. வெடிப்புக்குள் மண் கறுத்துக் கிடந்தது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. என் பல் நறநறத்தது.

ஆராதனை முடிந்ததும் அவள் நேராக உபதேசியார் வீட்டு அடுப்படிக்குக் கிளம்பினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அவரு வீட்டுக்கு ஏன் போற?"

"ஐயரு பசியோட இருப்பாருடி. விடு."

உபதேசியார் அவளை நிற்க வைத்ததைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோயில் சாவி எங்கள் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கும். சாண்நீள இரும்புச் சாவி. அடுத்த சனிக்கிழமை சாயந்தரம் அக்கா விறகுக்குப் போயிருந்தபோது அதை எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். உபதேசியார் முகத்தில் எறிவதாக நினைத்துக்கொண்டு தண்ணீருக்குள் எறிந்தேன்.

மறுநாள் விடியுமுன் அக்கா காம்பரா முழுக்கத் தேடினாள். ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டாள். நான் தூங்குவதுபோலக் கிடந்தேன்.

அன்று மழை. சபையார் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்றார்கள். உபதேசியார் வந்தார்.

"சாவி எங்க?"

"தொலச்சிட்டேங்க ஐயா."

அவர் ஒரு கல்லை எடுத்துப் பூட்டை அடித்து உடைத்தார். கல் வழுக்கி அவர் விரலில் தோல் உரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆராதனை முடிவில் விரலில் துணி சுற்றிக்கொண்டு எல்லார் முன்னும் சொன்னார்: "புதுப் பூட்டுப் போடுறேன், இனிமே சாவி என் வீட்டுல இருக்கும். ஓய்வுநாள் பள்ளிய என் சம்சாரம் பாத்துக்குவா. பொறுப்பில்லாதவங்க மத்தவங்களோட வந்து ஒக்காந்துட்டுப் போனாப் போதும்."

அவர் தண்டனை கொடுத்ததாக நினைத்தார். நானோ ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இனி ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஓய்வு. அதைப் பார்க்க அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறும் அவள் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிட்டாள். போக இடமில்லாமல் அடுப்போரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கம்பளிக்குள்ளிருந்து பார்த்துப் பூரித்துப்போனேன்.

"வீட்டுலதான இருக்க, இந்தக் கம்பளியெல்லாம் கொண்டுபோயி அலசிப் போட்டுறு" என்றாள் அம்மா. அதை முடித்து வந்ததும் அப்பா படுத்தபடியே தேத்தண்ணி கேட்டார். பக்கத்துக் காம்பராக்காரி தன் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் விட்டுவிட்டுப் பீலிக்குப் போனாள். ஒரு தம்பி கிழிந்த சட்டையோடு வந்து நின்றான். எல்லாரும் நகர்ந்தபிறகு நான் சீப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"சும்மாதான இருக்க, தல வாரி விடுக்கா."

பின்னால் உட்கார்ந்து வாரத் தொடங்கினாள். சிக்கை எடுக்கும்போது வலிக்காமல் முடியின் அடியைப் பிடித்துக்கொள்வது அவள் வழக்கம். அன்று பிடிக்கவில்லை. ஒரு பின்னலை முடித்துவிட்டுக் கேட்டாள்.

"சாவிய எங்கடி போட்ட?"

எனக்குப் பயம் வரவில்லை. இதற்காகத்தானே காத்திருந்தேன்.

"ஆத்துல. உனக்காகத்தான் போட்டேன். இனிமே நீ அவருக்கு வேல செய்ய வேணாமில்ல?"

கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன்பு அவள் என்னை அடித்ததே இல்லை. பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"அவருக்காகவாடி போனேன்? அந்தக் கோயிலக் கூட்ட எவ்வளவு நேரமாகும்? கூட்டிட்டு, கதவச் சாத்திக்கிட்டு, வெளிச்சம் வார வரைக்கும் சும்மா ஒக்காந்திருப்பேன். ஆண்டவர்கிட்ட ஒண்ணும் கேக்கக்கூட மாட்டேன். அவரும் என்னைய ஒண்ணும் கேக்க மாட்டாரு. ஒரு வாரத்துக்கு அது ஒண்ணுதான்டி எனக்கு இருந்துச்சு."

கன்னம் எரிந்தது. அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினேன்.

"சும்மா ஒக்கார்றதுன்னா இங்கயே ஒக்காரலாம்ல?"

வெளியிலிருந்து அம்மா அக்காவைக் கூப்பிட்டாள். "இந்தா வாரேம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு, என் தலையைத் திருப்பி இரண்டாவது பின்னலையும் பின்னி, ரிப்பனைக் கட்டிவிட்டு எழுந்து போனாள்.

நல்லது செய்யப்போய் அடி வாங்கியதாகவே எனக்குப் பட்டது. உபதேசியாரோடு அக்காவையும் என் கோபத்தில் சேர்த்துக்கொண்டேன். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. ஞாயிறு தவறாமல், அவள் கொஞ்சம் உட்கார்ந்த நேரமாகப் பார்த்து, வாய் திறக்காமல் சீப்பை மட்டும் கொண்டுபோய் அவள் மடியில் போடுவேன்.